அமேசான் ஸ்பாட் சர்வர்: டெர்மினலிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

அமேசானின் ஈசி2 என்ற வாடகை சர்வர் சேவையில் யாரும் எடுக்காமல் சும்மா கிடக்கும் சர்வர்களைக் குறைந்த விலைக்கு விடுவதுதான் ஸ்பாட். வழக்கமான முழு விலையான ஆன்-டிமாண்ட் விலையிலிருந்து 90 சதவீதம் வரை தள்ளுபடி என்கிறது நிறுவனம். அந்த உச்சம் எல்லா வகைக்கும் கிடைப்பதில்லை. சர்வர் வகை, ரீஜன் (சர்வர்கள் இருக்கும் நிலப் பகுதி), ரீஜனுக்குள் தனித்தனி டேட்டா சென்டர் தொகுப்பாக இருக்கும் அவைலபிலிட்டி ஜோன் ஆகியவற்றைப் பொறுத்து விலை வேறுபடும், காலப்போக்கிலும் ஏறி இறங்கும். இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. முழு விலைக்குக் கிடைக்கும் அதே பிராசஸர், அதே மெமரி. ஆனால் அந்த இடம் அமேசானுக்குத் திரும்பத் தேவைப்பட்டால் இரண்டு நிமிட அவகாசம் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளும்.

எந்த நேரமும் பறிபோகக்கூடிய சர்வரை மறுபடி அப்படியே எழுப்ப ஒரே ஒரு கட்டளை போதும் என்ற நிலை இருக்க வேண்டும். அதனால் ஸ்பாட்டை வெப் கன்சோலில் கிளிக் செய்து எடுப்பதைவிட ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ (டெர்மினலில் ஓடும் அமேசான் க்ளவுடின் கட்டளைக் கருவி) வழியாக எடுப்பதே சரி. ஆனால் சிஎல்ஐயில் இதற்கு நான்கு கட்டளைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பழையவை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அந்தப் பழையவைதான். சேவைக்கு நாங்கள் தாராளமாக மதிப்பெண் தருவோம். எந்தக் கட்டளையைப் பிடிப்பது என்று புதியவரைத் திணற வைப்பதற்காக அதில் கொஞ்சம் குறைப்போம்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடையில் வரும் கோடுகளோடு அப்படியே அடிக்க வேண்டும்.

ஏலம் முடிந்த கதை

2009 டிசம்பரில் ஸ்பாட் வந்தபோது அது உண்மையான ஏலம். மணிக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒரு விலை எழுத வேண்டும். சந்தை விலை அதைத் தாண்டினால் சர்வர் போய்விடும். 2017 நவம்பரில் அமேசான் இந்த முறையை மாற்றியது. இப்போது விலை, நீண்டகாலத் தேவையையும் இருப்பையும் பார்த்து மெதுவாக நகர்கிறது. விலை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதாமல் விட்டால் ஆன்-டிமாண்ட் விலையே உச்சவரம்பாக இருக்கும், நீங்கள் கட்டுவது அந்த நேரத்தின் ஸ்பாட் விலையை மட்டுமே.

ஆனாலும் உச்ச விலை எழுதும் வசதியை எடுக்கவில்லை. பழைய வழக்கத்தில் பலர் அதை இன்னும் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்வதால் பைசா மிச்சமாகாது. குறைந்த விலை எழுதியவருக்குக் குறைந்த விலையில் சர்வர் கிடைப்பதில்லை. சந்தை விலை அவர் எழுதியதைத் தாண்டும் நாளில் சர்வர் பறிபோகிறது, அவ்வளவுதான். இடம் இல்லாமல் போவது ஒரு காரணம், விலை தாண்டுவது இன்னொரு காரணம் என்று தடங்கலை நாமே இரட்டிப்பாக்கிக்கொள்கிறோம். அந்தப் பகுதியைக் காலியாக விடுங்கள். பட்ஜெட் மீறிவிடுமோ என்ற பயம் இருந்தால், ஆன்-டிமாண்டிலேயே உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் வகையைத் தேர்ந்தெடுப்பது மேல்.

விலையைப் பார்ப்பது

டிஸ்கிரைப்-ஸ்பாட்-பிரைஸ்-ஹிஸ்டரி என்ற கட்டளை 90 நாள் வரையிலான விலை வரலாற்றைத் தரும். ஸ்டார்ட்-டைம் கொடுக்காமல் ஓட்டினால் திரை நிரம்ப வரிகள் கொட்டும். இப்போதைய விலை மட்டும் போதும் என்றால் ஸ்டார்ட்-டைமுக்கு இந்த நொடியின் நேரத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு ஜோனுக்கும் நடப்பு விலை ஒன்று மட்டும் வரும். புராடக்ட்-டிஸ்கிரிப்ஷனில் லினக்ஸ்/யூனிக்ஸ் என்று குறிப்பிடத் தவறினால் விண்டோஸ், ரெட்ஹாட், சூசே விலைகளும் கலந்து வந்து குழப்பும்.

இங்கே மூன்று இடங்களில் சறுக்குகிறது. முதலாவது, இந்த வரலாறு குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்த அளவீடு இல்லை. விலை மாறிய தருணங்களின் பட்டியல். வரிகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்து சராசரி எடுத்தால் தவறான எண் வரும். ஒவ்வொரு விலையும் எவ்வளவு நேரம் நின்றது என்று எடை போட்டுத்தான் கணக்கிட வேண்டும். இரண்டாவது, விலை எண்ணாக வருவதில்லை, எழுத்துச் சரமாக வருகிறது. பதிலை வடிகட்டும் குவெரி பகுதியில் அப்படியே வரிசைப்படுத்தினால் பெரிய ஜிபியூ சர்வர்களில் 10 டாலர் 2 டாலருக்கு முன்னால் போய் உட்காரும். டு_நம்பர் (நடுவில் அடிக்கோடு) என்ற செயற்கூற்றால் எண்ணாக மாற்றிய பிறகு வரிசைப்படுத்த வேண்டும். மூன்றாவது, ஒரு கட்டளை ஒரு ரீஜனுக்குத்தான். எல்லா ரீஜனையும் ஒப்பிட டிஸ்கிரைப்-ரீஜன்ஸ் பட்டியலை வைத்து ஒரு லூப் எழுதியாக வேண்டும்.

விலையைவிட முக்கியமான கேள்வி, அங்கே இடம் இருக்கிறதா என்பது. கெட்-ஸ்பாட்-பிளேஸ்மென்ட்-ஸ்கோர்ஸ் கட்டளை அதற்கானது. எத்தனை சர்வர், எந்தெந்த வகை என்று சொன்னால், ரீஜன் வாரியாகவோ ஜோன் வாரியாகவோ 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும். குறைந்தது மூன்று வகைகளாவது கொடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் கொடுத்தால் மதிப்பெண் தாழ்வாகவே வரும். 10 வந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது, அந்த நேரத்தின் கணிப்பு மட்டுமே. விலை வரலாற்றைத் துருவிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டளையைத்தான் நாங்கள் முதலில் காட்டுவோம்.

எடுக்கும் கட்டளை

ஒன்றிரண்டு சர்வர் போதும் என்றால் ரன்-இன்ஸ்டன்சஸ். சாதாரண சர்வர் எடுக்கும் அதே கட்டளை; அதில் இன்ஸ்டன்ஸ்-மார்க்கெட்-ஆப்ஷன்ஸ் என்பதற்கு மார்க்கெட்டைப்=ஸ்பாட் என்று கொடுத்தால் முடிந்தது. ஏஎம்ஐ (சர்வர் எழுவதற்கான சிஸ்டம் நகல்), வகை, செக்யூரிட்டி குரூப் (நெட்வொர்க் அனுமதி விதிகள்), சப்நெட் (ஒரு ஜோனுக்குள் இருக்கும் நெட்வொர்க் பகுதி) எல்லாம் வழக்கம்போல. பதில் உடனே வந்துவிடும்: சர்வர் எண் வரும், அல்லது இடம் போதவில்லை என்ற பிழை வரும். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இந்த உடனடித்தன்மை பெரிய வசதி.

முதல் முறை ஓட்டும்போது இரண்டு தடைகள் வரலாம். ஸ்பாட்டுக்கென ஒரு சர்வீஸ்-லிங்க்ட் ரோல் (உங்கள் சார்பில் செயல்பட அந்தச் சேவைக்குத் தரும் அனுமதி) கணக்கில் இருக்க வேண்டும். அதை உருவாக்கும் அனுமதி உங்கள் ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி நிர்வாகம்) பயனருக்கு இல்லாவிட்டால் கட்டளை அங்கேயே நின்றுவிடும். அனுமதி உள்ள ஒருவர் ஐஏஎம் கிரியேட்-சர்வீஸ்-லிங்க்ட்-ரோல் கட்டளையை ஒரு முறை ஓட்டினால் போதும். அடுத்தது கோட்டா. ஸ்பாட்டுக்கான வரம்பு ஆன்-டிமாண்ட் வரம்பிலிருந்து தனி, ரீஜனுக்கு ரீஜன் தனி, கணக்கிடுவது சர்வர் எண்ணிக்கையில் இல்லாமல் விசிபியூ (சர்வரின் மெய்நிகர் பிராசஸர்) எண்ணிக்கையில். புதிய கணக்குகளில் ஜிபியூ வகைகளுக்கு இது பூஜ்யமாகவே இருப்பது சகஜம். மேக்ஸ்-ஸ்பாட்-இன்ஸ்டன்ஸ்-கவுண்ட்-எக்ஸீடட் என்று பிழை வந்தால் இதுதான் காரணம். சர்வீஸ்-கோட்டாஸ் கட்டளையால் உயர்த்தக் கேட்கலாம். வேலை தொடங்கும் நாளில் கேட்காமல் சில நாள் முன்பே கேட்டு வையுங்கள். டிரை-ரன் (சர்வர் எடுக்காத சோதனை ஓட்டம்) வைத்து ஓட்டிப் பார்த்தோம், சரியாக வந்தது என்று நம்பி இருந்துவிடவும் கூடாது. அது அனுமதியை மட்டும் சரிபார்க்கும். இடம் இருக்கிறதா என்று பார்க்காது.

கவுண்ட் 10 என்று கொடுத்தால் பத்தும் கிடைக்க வேண்டும், இல்லையேல் ஒன்றுகூடக் கிடைக்காது. 1:10 என்று கொடுங்கள். கிடைத்த மட்டும் வரும். சப்நெட் குறிப்பிட்டால் அந்த ஒரு ஜோனோடு கட்டிப்போடப்படுகிறீர்கள். இடம் போதவில்லை என்ற பிழைக்கு முதல் மருந்து, அடுத்த ஜோனின் சப்நெட்டோடு திரும்ப ஓட்டுவது. அடுத்த மருந்து, வகையை மாற்றுவது. சர்வர் எழுந்ததும் தானே ஓடும் ஸ்கிரிப்டான யூசர்-டேட்டாவுக்குக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஃபைல் என்ற முன்னொட்டையும் அதற்குரிய முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகளையும் போட மறந்தால் பிழை எதுவும் வராது. கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பதில் கோப்பின் பெயர் மட்டும் சர்வருக்குப் போய்ச் சேரும். சர்வர் எழுந்து நிற்கும், வேலை எதுவும் ஓடாது, காசு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்ஸ்டன்ஸ்-இனிஷியேட்டட்-ஷட்டவுன்-பிஹேவியர் என்பதை டெர்மினேட் என்று வைத்துவிட்டு, ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஷட்டவுன் போடுங்கள். வேலை முடிந்ததும் சர்வர் தானே மறைந்துவிடும்.

பழைய கட்டளையை ஏன் விட வேண்டும்

ரிக்வெஸ்ட்-ஸ்பாட்-இன்ஸ்டன்சஸ் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமேசானே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதில் சர்வர் விவரங்களைத் தனி ஜேசன் கோப்பாக எழுதித் தர வேண்டும், சர்வர் அமைப்பைச் சேமித்து வைக்கும் லாஞ்ச் டெம்ப்ளேட்டை ஏற்காது. யூசர்-டேட்டாவை நாமே பேஸ்64 என்ற எழுத்துக் குறியாக்கமாக மாற்றி அந்த ஜேசனுக்குள் வைக்க வேண்டும். ரன்-இன்ஸ்டன்சஸ் இதைத் தானே செய்துவிடும் என்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஸ்கிரிப்டுகள் உடைவது இந்த இடத்தில்தான். கோரிக்கைக்கு இட்ட டேக் (அடையாளச் சீட்டு) சர்வருக்குத் தானாகப் போகாது. சர்வர் வந்தபின் தனியாக ஒட்ட வேண்டும். டேக் வைத்துச் செலவைப் பிரிக்கும் இடங்களில் இது மாத முடிவில் தலைவலி தரும்.

பதிலும் உடனே வராது. முதலில் ஒரு கோரிக்கை எண் வரும். கோரிக்கை ஓபன் நிலையில் நிற்கும். இடம் கிடைத்தால் ஆக்டிவ் ஆகும். வேலிட்-அன்டில் கொடுக்காவிட்டால் ஒரு முறைக் கோரிக்கை 7 நாள் உயிரோடு இருக்கும். மறந்துபோன கோரிக்கை மூன்றாம் நாள் சர்வரை எழுப்பிவிடலாம். காத்திருக்க வெயிட் கட்டளை உண்டு: 15 நொடிக்கு ஒரு முறை, 40 முறை பார்த்துவிட்டு 255 என்ற குறியோடு வெளியேறும். அப்படி வெளியேறினால் கோரிக்கை ரத்தாகிவிட்டது என்று பொருள் இல்லை, அது இன்னும் ஓபனாகவே இருக்கிறது. ஸ்கிரிப்ட் தோற்றுவிட்டது என்று மறுபடி ஓட்டினால் இரண்டு கோரிக்கைகள், பின்னால் இரண்டு சர்வர்கள்.

மிகப் பெரிய பொறி, பெர்சிஸ்டென்ட் வகைக் கோரிக்கை. சர்வரை டெர்மினேட் செய்தால் கோரிக்கை மீண்டும் ஓபனாகி இன்னொரு சர்வரை எழுப்பும். அதையும் கொன்றால் அடுத்தது வரும். கேன்சல்-ஸ்பாட்-இன்ஸ்டன்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ் மூலம் முதலில் கோரிக்கையை ரத்து செய்து, பிறகு சர்வரை டெர்மினேட் செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. ரத்து செய்துவிட்டு நிம்மதியாகப் போய்விடவும் முடியாது. கோரிக்கையை ரத்து செய்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நிற்காது. அதன் நிலையே "கோரிக்கை ரத்து, சர்வர் ஓடுகிறது" என்ற பொருளில் தனிக் குறியாகக் காட்டப்படும். பறிபோகும் நேரத்தில் அழியாமல் ஸ்டாப் ஆகவோ ஹைபர்னேட் (மெமரியை வட்டில் சேமித்து உறைவது) ஆகவோ வேண்டுமென்றால் ரன்-இன்ஸ்டன்சஸிலும் பெர்சிஸ்டென்ட் தேவை. ஆக, இந்தப் பொறி புதிய கட்டளையிலும் உண்டு.

பழைய வழிகாட்டிகளில் பிளாக்-டியூரேஷன்-மினிட்ஸ் என்று ஒன்றைப் பார்க்கலாம். ஒன்று முதல் ஆறு மணி நேரம் வரை பறிபோகாத ஸ்பாட்டுக்கானது அது. 2021 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பத்துக்கு மேல் வேண்டுமென்றால்

கிரியேட்-ஃப்ளீட் கட்டளை, டைப் இன்ஸ்டன்ட். முதலில் ஒரு லாஞ்ச் டெம்ப்ளேட் செய்துகொள்ள வேண்டும்; கூடுதல் வேலைதான், ஆனால் பலன் பெரிது. பல வகைகள், பல சப்நெட்டுகள் என்று பட்டியலிட்டால் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அதுவே பிரித்து எடுத்துக்கொள்ளும். எடுத்தவை, கிடைக்காதவை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று ஒரே பதிலில் சொல்லும். வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது சி5.லார்ஜ், சி5ஏ.லார்ஜ், சி6ஐ.லார்ஜ், எம்5.லார்ஜ் என்று தலைமுறை, பிராசஸர் நிறுவனம், குடும்பம் எல்லாம் கலந்து கொடுங்கள். ஆர்ம் பிராசஸர் வகைகளைச் சேர்ப்பதானால் ஏஎம்ஐயும் அதற்கேற்ப வேறாக இருக்க வேண்டும்; ஒரே ஏஎம்ஐயோடு கலந்தால் அந்த வரிகள் மட்டும் பிழையாகும்.

அலோகேஷன் ஸ்ட்ராட்டஜி என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டால் லோயஸ்ட்-பிரைஸ் எடுத்துக்கொள்ளும். மலிவான இடம் பலருக்கும் மலிவானது. அங்கேதான் கூட்டம் சேரும், அங்கேதான் சீக்கிரம் பறிபோகும். 2022இல் வந்த பிரைஸ்-கெபாசிட்டி-ஆப்டிமைஸ்டு இடம் தாராளமாக இருக்கும் பக்கங்களைப் பார்த்து, அவற்றுள் மலிவானதை எடுக்கிறது. அமேசான் பரிந்துரைப்பதும் இதைத்தான், எங்கள் தேர்வும் இதுவே. மணிக்குச் சில காசு கூடினாலும், பாதியில் போய்த் திரும்ப ஓடும் வேலையின் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இரண்டு நிமிடம்

பறிக்கப் போகும் செய்தி சர்வருக்குள்ளேயே மெட்டாடேட்டா முகவரியில் (சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டறியும் உள் முகவரி) வரும்: 169.254.169.254 என்ற முகவரியில், லேட்டஸ்ட், மெட்டா-டேட்டா, ஸ்பாட், இன்ஸ்டன்ஸ்-ஆக்‌ஷன் என்ற பாதை. சாதாரணமாக அங்கே 404 (எதுவும் இல்லை) என்ற குறி வரும். செய்தி வந்துவிட்டால் என்ன செய்யப் போகிறது, எத்தனை மணிக்கு என்று யூடிசி (உலகப் பொது) நேரத்தோடு ஒரு சிறிய ஜேசன் வரும். 5 நொடிக்கு ஒரு முறை பாருங்கள். மெட்டாடேட்டாவின் இரண்டாம் பதிப்பு கட்டாயமாக்கப்பட்ட சர்வரில் முதலில் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும், அதன் ஆயுள் அதிகபட்சம் 21,600 நொடி. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வேலையில் டோக்கனைப் புதுப்பிக்காத ஸ்கிரிப்டுக்கு அதற்குப் பிறகு 401 (அனுமதி இல்லை) மட்டுமே வரும். 404 இல்லாத எதையும் "செய்தி வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் நல்ல சர்வரைத் தானே மூடிவிடும். 200 (சரி) வந்தால் மட்டும் செயல்படுமாறு எழுதுங்கள்.

டாக்கர் கண்டெய்னருக்குள்ளிருந்து பார்த்தால் டோக்கன் கோரிக்கை பதிலே வராமல் தொங்கலாம். பதில் எத்தனை தாவல் போகலாம் என்ற வரம்பான ஹாப் லிமிட் 1 ஆக இருப்பதால் பதில் கண்டெய்னரின் பிரிட்ஜைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. சர்வர் எடுக்கும்போதே மெட்டாடேட்டா-ஆப்ஷன்ஸில் அதை 2 ஆக்குங்கள்.

இரண்டு நிமிடத்தில் எவ்வளவு காப்பாற்ற முடியும்? நெட்வொர்க் நொடிக்கு 1 ஜிகாபிட் என்றால் 120 நொடியில் காகிதக் கணக்குப்படி 15 ஜிபி. நடைமுறையில் பாதிக்கு மேல் நம்பக் கூடாது. அந்த எச்சரிக்கையும் முடிந்தவரை தரப்படுவதுதான். அது வராமலேயே சர்வர் போகவும் வாய்ப்புண்டு என்று ஆவணம் சொல்கிறது. எனவே கடைசி நிமிடச் சேமிப்பை நம்பாமல் இடையிடையே அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3க்குச் சேமித்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்தால் பறிபோகும்போது இழப்பது சராசரியாக 10 நிமிட வேலை, அதிகபட்சம் 20. எச்சரிக்கை நேரத்தை மிச்சமிருக்கும் சின்னச் சின்ன வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வரிசையிலிருந்து எடுத்த வேலையைத் திரும்பப் போடுவது, லோட் பேலன்சரிலிருந்து விலகுவது, லாக் அனுப்புவது. ஹைபர்னேட் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடமும் இல்லை. செய்தி வந்தவுடனேயே உறையத் தொடங்கிவிடும்.

பறிபோவதை ஒத்திகை பார்க்க ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் சேவையில் வழி இருக்கிறது. ஓடும் ஸ்பாட் சர்வருக்கு உண்மையான எச்சரிக்கையையே அனுப்பும். உற்பத்தியில் வைக்கும் முன் இதை ஒரு முறையாவது செய்தே ஆக வேண்டும்.

பில்

லினக்ஸில் நொடிக் கணக்கு, குறைந்தது 60 நொடி. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமேசானே பறித்தால் அந்த நேரத்துக்குக் கட்டணம் இல்லை.  நீங்களே நிறுத்தினால் ஓடிய நொடிகளுக்குக் கட்டணம் உண்டு. இது நியாயமான ஏற்பாடு.

தள்ளுபடி சர்வருக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஈபிஎஸ் வட்டு (சர்வரோடு இணைக்கும் சேமிப்பு), டேட்டா வெளியேறும் கட்டணம் எல்லாம் முழு விலை. 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். சிறிய ஸ்பாட் சர்வர்களில் இந்த முகவரிக் கட்டணம் சர்வர் விலைக்கே பக்கத்தில் வந்து நிற்கும். தேவையில்லை என்றால் பொது முகவரி இல்லாமல் எடுங்கள். டி3 வகைகள் இயல்பாகவே அன்லிமிடெட் (வரம்பு தாண்டி ஓடவிட்டுக் காசு கேட்கும்) முறையில் எழும். சிபியூவை முழுமூச்சாக ஓட்டினால் லினக்ஸில் ஒரு விசிபியூவுக்கு மணிக்கு 0.05 டாலர் தனியாக ஏறும், ஸ்பாட் விலையில் கிடைத்த லாபம் அங்கே கரைந்துவிடும். கிரெடிட்-ஸ்பெசிஃபிகேஷனில் ஸ்டாண்டர்ட் என்று மாற்றுங்கள், அல்லது கனமான கணக்கீட்டுக்கு டி வகையையே தொடாதீர்கள்.

மற்ற இரண்டு

கூகுள் க்ளவுடில் ஜிக்ளவுட் கட்டளையோடு புரொவிஷனிங்-மாடல் ஸ்பாட் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கட்டளையின் எளிமையில் அது முன்னால் நிற்கிறது. ஆனால் எச்சரிக்கை 30 நொடி மட்டுமே. மைக்ரோசாஃப்டின் அஷூரில் பிரயாரிட்டி ஸ்பாட், மேக்ஸ்-பிரைஸ் -1 என்று கொடுத்தால் விலை காரணமாகப் பறிக்காது, இடம் காரணமாக மட்டுமே பறிக்கும். அங்கேயும் குறைந்தபட்ச எச்சரிக்கை 30 நொடிதான். எவிக்‌ஷன்-பாலிசி டீஅலோகேட் (அழிக்காமல் நிறுத்தி வைப்பது) ஆக இருந்தால் வட்டுக்கான காசு தொடரும், கோட்டாவும் பிடித்துவைக்கப்படும். இரண்டு நிமிடத்தில் ஒழுங்காக மூடும் மென்பொருளை இந்த இரண்டுக்கும் நகர்த்தும்போது, மூடும் பகுதியைத் திருத்தி எழுத வேண்டிவரும்.

வேலை முடிந்த பின்

ஓட்டி முடித்த ஒவ்வொரு ரீஜனிலும் மூன்று கட்டளைகளை ஓட்டுங்கள். டிஸ்கிரைப்-ஸ்பாட்-இன்ஸ்டன்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ், ஓபன், ஆக்டிவ் நிலைகளை மட்டும் வடிகட்டி. டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ், இன்ஸ்டன்ஸ்-லைஃப்சைக்கிள் ஸ்பாட் என்று வடிகட்டி. டிஸ்கிரைப்-வால்யூம்ஸ், அவைலபிள் நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டி. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வர் அழியும்போது சிஸ்டம் இருக்கும் ரூட் வட்டு தானாக அழியும். கூடுதலாகச் சேர்த்த வட்டுகள், டெலீட்-ஆன்-டெர்மினேஷன் என்று சொல்லி வைக்காவிட்டால் அப்படியே தங்கிவிடும். சர்வர் பத்து முறை பறிபோய்ப் பத்து முறை எழுந்திருந்தால், அங்கே பத்து வட்டுகள் முழு விலையில் உட்கார்ந்திருக்கும்.